பால்கோவாவை இங்கேயே விட்டுட்டுப் போ

ராஜபாளையம்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினா அரை மணி நேரத்துல உன் வாசல்ல வந்து நிக்கலாம், இதுக்குப் போய் லெட்டரான்னு கேப்பே. போன்ல சொன்னா "சரிக்கா, சரிக்கா"ன்னுட்டு அடுப்பைப் பாக்கப் போயிருவே. காகிதத்துல இருந்தா பெட்டிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்து அடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் நாளைக்கு அந்தப் பக்கம் வர்றான், கொடுத்து விடுறேன்.

நேத்து நீ வாசிச்ச லிஸ்ட்டை நானும் எழுதி வச்சிருக்கேன். பால்கோவா மூணு கிலோ, வெண்ணெய் உருக்குன நெய், செக்கு நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், பேறுகால லேகியம், ஆவக்காய், மாங்காய்த் தொக்கு, தேங்காய் எண்ணெய், ஆண்டாள் கோயில் தீர்த்தம், கடைசியா ஒரு தூக்குவாளியில இட்லி மாவு. எடின்பரோவுல இருக்கிற மகளுக்குப் பேறுகாலம் பாக்கப் போற தாய்க்கு இம்புட்டும் தோணத்தான் செய்யும். ஆனா தாயி, இதுல முக்கால்வாசி ஊத்துனா ஓடுறது, மிச்சம் வழிச்சு எடுக்கிறது. எடின்பரோ போற வழியில இந்த ரெண்டுக்கும்தான் காவல்.

அதனால நான் சொல்றது ஒரே கணக்கு. காய்ஞ்சதை இங்கேருந்து கொண்டு போ. ஈரத்தை அங்கே போய்ச் சேத்துக்கோ. எண்ணெய், நெய், தயிர், பால் எல்லாம் அந்த ஊர்க் கடையில கிடைக்குது, நம்ம ஊர்க்காரங்க கடையும் இருக்குதுன்னு உன் மக பாப்பாவே சொல்றா. அங்கே கிடைக்காதது உன் கைப்பக்குவத்துல அரைச்ச பொடியும் மருந்தும்தான்.

தீர்த்தத்துலயும் எண்ணெயிலயும் என்ன இருக்குன்னு பயப்படுறாங்கன்னு கேட்டேல்ல, அதைச் சொல்லிடுறேன். 2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லண்டன் போலீஸ் ஒரு கும்பலைப் பிடிச்சாங்க. குளிர்பான பாட்டில்ல ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி, பாக்கிறதுக்குச் சாதாரண ஜூஸ் மாதிரியே கொண்டு போய், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போற விமானங்களை நடுவானத்துல வெடிக்க வைக்கிறது அவங்க திட்டம். இது வெறும் பேச்சு இல்லை. 1994 டிசம்பர்ல பிலிப்பைன்ஸ் விமானம் ஒண்ணுல, காண்டாக்ட் லென்ஸ் கழுவுற தண்ணி பாட்டில்ல வெடிதிரவத்தைக் கொண்டு போய் ஒருத்தன் ஸீட்டுக்கு அடியில வச்சுட்டு இறங்கிட்டான். ஜப்பான்காரர் ஒருத்தர் அதுல செத்துப் போனார். 2006-ல பிடிபட்டதும் பிரிட்டன்ல ஒரே நாள்ல எல்லாத் திரவத்தையும் தடுத்துட்டாங்க. கைக்குழந்தைக்குப் பால் கொண்டு போற தாயைக்கூட, காவலர் கண் முன்னால ஒரு வாய் குடிச்சுக் காட்டுன்னு சொன்னாங்க. அந்த வருஷம் நவம்பர்ல கொஞ்சம் இளகி, இந்த 100 மில்லி கணக்கு வந்துச்சு. இன்னைக்குச் சென்னையில வெளிநாட்டு விமானம் ஏறுறவங்களுக்கும் அதே கணக்குதான்.

கைப்பையில வைக்கிற திரவம் ஒவ்வொண்ணும் 100 மில்லி பாட்டிலுக்குள்ள இருக்கணும். எல்லா பாட்டிலும் ஒரு லிட்டர் பிடிக்கிற, ஜிப் வச்ச, உள்ளே தெரியிற பிளாஸ்டிக் பைக்குள்ள அடங்கணும். ஆளுக்கு ஒரு பைதான். இதுல எல்லாரும் இடறுற இடம் ஒண்ணு இருக்கு. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க மாட்டாங்க, பாட்டில் எவ்வளவு பிடிக்கும்னுதான் பாப்பாங்க. ஒரு விமான நிலையத்துல எனக்கு முன்னால நின்ன அம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு. நீல பாட்டில், தேங்காய் எண்ணெய், அடியில ரெண்டு விரல் அளவுதான் கிடந்துச்சு. அந்தக் காவலர் பொண்ணு கையுறை போட்ட விரலால பாட்டிலைத் திருப்பி 200 மில்லின்னு போட்டிருந்த இடத்தைக் காட்டுச்சு. அந்தம்மா வாதாடவே இல்லை. மிச்ச எண்ணெயை உள்ளங்கையில கவுத்து, கூட வந்த பேத்தியை இழுத்து நிறுத்தி, உச்சந்தலையில வச்சுத் தேய்ச்சுப் பின்னலை இறுக்கி விட்டுட்டு, காலி பாட்டிலைத் தொட்டியில போட்டுட்டு நடந்துச்சு. வரிசையே சிரிச்சுருச்சு. அந்த எண்ணெய்க் கையோட பாஸ்போர்ட்டைப் பிடிச்சதைத்தான் எனக்குப் பொறுக்க முடியலை.

எது திரவம்னு நம்ம நினைக்கிறதும் அவங்க நினைக்கிறதும் வேற. தண்ணி, எண்ணெய் மட்டும் இல்லை. பற்பசை, முகத்துக்குப் போடுற கிரீம், தைலம், கண்மை, குழைச்ச சந்தனம், ஊறுகாய்ச் சாறு, தொக்கு, ஜாம், தயிர் எல்லாமே அந்தக் கணக்குல வரும். பூசுறது, வழிக்கிறது, பிதுக்குறது எல்லாம் திரவம்னு வச்சுக்கோ. பெரிய பற்பசையை எடுத்துட்டுச் சின்னது ஒண்ணு வாங்கிக்கோ. ஆண்டாள் கோயில் தீர்த்தம் வேணும்னா, கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி சின்ன பாட்டில் மெடிக்கல் கடையில கிடைக்கும், அதுல பிடிச்சுக்கோ. மூடி ஈயம் வச்சு அடைச்ச காசிச் சொம்பை மட்டும் எடுக்காதே. திறந்து காட்ட முடியாததை யாரும் நம்ப மாட்டாங்க.

மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. உன் இன்சுலினைப் பெரிய பெட்டியில போட்டுடாதே. அடியில சாமான் வைக்கிற இடத்துல குளிர்ல உறைஞ்சு போனா அப்புறம் அது மருந்தே இல்லை. கைப்பையிலதான் இருக்கணும். டாக்டர்கிட்ட உன் பேரும் மருந்துப் பேரும் இங்கிலீஷ்ல எழுதி, சீல் வச்சு ஒரு சீட்டு வாங்கிக்கோ. டிரேயில வைக்கும்போது நீயே எடுத்துக் காட்டு. அவங்களா தோண்டி எடுத்தா நேரம் ஆகும்.

இப்போ பால்கோவாவுக்கு வர்றேன். நீ கோவிச்சுக்குவே, தெரியும். 2019-ல புவிசார் குறியீடு வாங்குன சாமான், நம்ம ஊர்ப் பேரையே தாங்கி நிக்குது, அதைத் தடுப்பாங்களான்னு தோணும். சென்னையில தடுக்க மாட்டாங்க, பெரிய பெட்டியில போனா கேள்வியே இல்லை. கைப்பையில இருந்தா பையைத் திறக்கச் சொல்வாங்க, அதுவும் குத்தம் இல்லை. எக்ஸ்ரே திரையில சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஆரஞ்சு நிறமாத்தான் தெரியும். ஒரு கிலோ பால்கோவா இறுக்கமா, கட்டியா, ஆரஞ்சா ஒரு செங்கல் கணக்கா திரையில வந்தா, களிமண் மாதிரி இருக்கிற வெடிமருந்துக்கும் இதுக்கும் படத்துல வித்தியாசம் தெரியாது. அதான் கையால பாக்கிறாங்க.

தடை இருக்கிறது எடின்பரோவுல. அங்கே பயம் குண்டைப் பத்தி இல்லை, மாட்டைப் பத்தி. நம்ம அப்பா காலத்துல தொழுவத்துல கோமாரி வந்து வாயும் குளம்பும் புண்ணாகி நின்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே நோய் 2001-ல பிரிட்டன்ல வந்து, ஆடும் மாடும் பன்னியுமா 60 லட்சத்துக்கு மேல கொன்னு எரிச்சும் புதைச்சும் தீத்தாங்க. அந்தக் கிருமி பால்லயும் இறைச்சியிலயும் தங்கிப் பயணம் பண்ணும். அதனால நம்ம நாட்டுலேருந்து போறவங்க பாலும் பால்ல செஞ்சதும் கொண்டு போகக் கூடாது. நமக்கு மட்டும்தான் இந்த ஓரவஞ்சனைன்னு நினைக்காதே. 2025 ஏப்ரல்லேருந்து பக்கத்துல இருக்கிற ஐரோப்பிய நாட்டுக்காரங்க பாலாடைக்கட்டியையே அவங்க உள்ளே விடுறது இல்லை. பால்கோவான்னா என்ன? பசும்பாலும் சீனியும், விறகு அடுப்பும், நிக்காம கிளறுற கையும். வேற ஒரு கலப்பும் கிடையாது, அதான் அதுக்குப் பெருமை. அந்தப் பெருமையே அங்கே வினையாகுது. நீ உருக்குன நெய்க்கும் இதே கதிதான். ஆசைப்பட்டு ஒளிச்சுக் கொண்டு போறவங்க உண்டு, பிடிபடாம வந்தோம்னு பெருமையும் பேசுவாங்க. நீ செய்யாதே. வயித்துல பிள்ளையோட மகள் வெளியில காத்து நிக்கிறப்போ, தாய் உள்ளே அதிகாரி முன்னால பெட்டியைத் திறந்து போட்டு நிக்கிற காட்சி வேண்டவே வேண்டாம்.

பாப்பாவுக்கு இனிப்பு வேணும்னா கோவில்பட்டி கடலை மிட்டாய் கொண்டு போ. கடலையும் வெல்லமும், பாலும் இல்லை ஈரமும் இல்லை. அதுக்கும் 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, பெருமைக்கும் குறைச்சல் இல்லை. சில்லுக் கருப்பட்டி கொஞ்சம் போட்டுக்கோ. மாப்பிள்ளை வீட்டுக்குப் பால்கோவா கொடுக்கணுங்கிற முறை இருந்தா, சம்பந்தி வீடு மதுரையிலதானே இருக்கு, அங்கே கொடுத்து விடு.

பேறுகால மருந்துதான் முக்கியம். லேகியமா கிளறிக் கொண்டு போனா நெய்யும் சேரும், கைப்பைக்கும் ஆகாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வெயில்ல காய வச்சு, வறுத்து, இடிச்சு, சலிச்சுப் பொடியாவே எடுத்துக்கோ. ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் என்னன்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டு, உன் வீட்டுக்காரர் கையெழுத்து நல்லா இருக்கும். பிள்ளை பிறந்ததும் அங்கே வாங்குன நெய்யும் இங்கேருந்து போன கருப்பட்டியும் சேத்துக் கிளறினா, பாப்பா வாயில போகும்போது சூடாவே போகும். பூண்டு அங்கே கிடைக்கும், தூக்கிட்டு அலையாதே. கறிவேப்பிலையைப் பச்சையா எடுக்காம பொடியாக்கிடு. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, மிளகாய்ப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில. மிளகாய்ப் பொடி கைப்பையில கூடவே கூடாது, கண்ணுல தூவுற சாமான்னு எடுத்துருவாங்க. மிளகாய் ஊறுகாய்க்கும் அப்படித்தான்.

காய்ஞ்சதெல்லாம் போகலாம்னு சொன்னேன்ல, ஒண்ணு மட்டும் விலக்கு. கொப்பரை. நீ குழம்புக்கு வறுத்து அரைக்க ரெண்டு கொப்பரை போடுவேன்னு எனக்குத் தெரியும். கைப்பையிலயும் ஆகாது, பெட்டியிலயும் ஆகாது. கொப்பரையில நூத்துக்கு அறுபது பங்குக்கு மேல எண்ணெய். குவிச்சு அடைச்சு வச்சா தானாவே சூடேறித் தீப்பிடிக்கிற சாமான்கள் பட்டியல்ல அதைச் சேத்திருக்காங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இப்போ நம்ம தெரு முழுக்க மாலை போட்டவங்க இருமுடி கட்டிட்டு இருக்காங்கல்ல, அவங்களுக்குச் சலுகை கொடுத்தது உண்டு. இருமுடிக்குள்ள நெய்த்தேங்காய் இருக்குமே, தேங்காய்க்குத் தேங்காய், நெய்க்கு நெய். விமானத்துல சபரிமலைக்குப் போறவங்க ரொம்ப நாளா கேட்டு, 2022-லயும் 2024-லயும் அந்த சீசனுக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கையில கொண்டு போக விட்டாங்க. அதுவும் எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கைச்சோதனை எல்லாம் பாத்துத்தான். ஐயப்பனுக்குக் கிடைச்ச சலுகை உன் குழம்புக்குக் கிடைக்காது.

எண்ணெயில ஒண்ணாவது உன் கையால கொண்டு போகாம மனசு ஆறாது. சரி, விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் அரை லிட்டர் அரை லிட்டர், பெரிய பெட்டியில வை. ஆவக்காயும் அதுலயே போகட்டும். ராஜபாளையத்து ஆவக்காய் இல்லாம அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்காது, அது எனக்குத் தெரியும். ஆனா கட்டுறதுலதான் விஷயம் இருக்கு. கொடைக்கானல் பஸ்ல ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பி நிக்கும், பாத்திருக்கேல்ல. விமானம் பறக்கிறப்போ உள்ளே காத்தழுத்தம் கிட்டத்தட்ட அந்த மலை உயரத்துக் கணக்குதான், ஆறாயிரம் ஏழாயிரம் அடியில இருக்கிற மாதிரி. பாட்டில்ல அடைஞ்ச காத்து விரியும், விரியிறப்போ எண்ணெயை மூடி வழியா தள்ளும். கண்ணாடி வேண்டாம். அமுங்குற பிளாஸ்டிக் பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தாம கொஞ்சம் இடம் விட்டு, பாட்டிலை லேசா அமுக்கிக் காத்தை வெளியேத்திட்டு அப்படியே மூடு. மூடிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள், வெளியில டேப், அப்புறம் ஜிப் பை, அதுக்கு மேல இன்னொரு ஜிப் பை. சுத்திக் கட்டறதுக்குச் சத்திரப்பட்டி துணி நான் தர்றேன். ஆஸ்பத்திரிக்குப் போற காஸ் துணி, நம்ம பக்கத்துலதானே நெய்யிறாங்க. எண்ணெய் ஒழுகினாலும் குடிச்சுக்கும், பாட்டிலுக்கும் மெத்தையா இருக்கும். அங்கே போய் வெந்நீர்ல அலசிட்டா பிள்ளைக்கு வாய் துடைக்க ஆகும். சேலைக்கு நடுவுல எண்ணெய் பாட்டிலை வைக்காதே, அதுவும் அந்த மாம்பழக்கலர் பட்டுக்கு நடுவுல.

தேங்காய் எண்ணெய் எடுக்கவே வேண்டாம். அந்தக் குளிர்ல அது வருஷம் முழுக்க வெண்ணெய் மாதிரி உறைஞ்சுதான் கிடக்கும்னு பாப்பா சொல்றா, கடையிலயும் அப்படியே டப்பாவுல விக்கிறாங்களாம்.

இட்லி மாவு பத்தி என்னத்தைச் சொல்ல. புளிச்ச மாவு மூடி வச்ச தூக்குல அம்புட்டு மணி நேரம் பொங்கும். உனக்கு முன்னால மாவுதான் எடின்பரோவுல இறங்கும், பெட்டிக்கு வெளியில. உளுந்தும் புழுங்கலரிசியும் கொண்டு போ. அங்கே கிரைண்டர் இல்லேன்னா மிக்ஸி இருக்கும்.

கிளம்புற அன்னைக்கு. பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில தாம்பரம். எழும்பூர் வரைக்கும் போகாதே, தாம்பரத்துலயே இறங்கிடு. அங்கேருந்து லோக்கல் ட்ரெய்ன்ல திரிசூலம், எதிர்த்தாப்புல விமான நிலையம். பெட்டியோட ஏற முடியலேன்னா ஆட்டோ பிடி. ஐயப்பன் சீசன், டிக்கெட் உறுதியாயிருச்சான்னு இன்னைக்கே உன் வீட்டுக்காரரைப் பாக்கச் சொல்லு. வழிக்குப் புளியோதரை கட்டிக்கோ, தயிர்சாதம் வேண்டாம். அது இங்கே திரவம், அங்கே பால் சாமான், ரெண்டு பக்கமும் மாட்டும். வெறும் எவர்சில்வர் பாட்டில் ஒண்ணு காலியா எடுத்துக்கோ, சோதனை முடிஞ்சதும் உள்ளே குழாயில பிடிச்சுக்கலாம். உள்ளே இருக்கிற கடையில தண்ணி வாங்கினா தோஹா போய் விமானம் மாறுறப்போ மறுபடியும் சோதனை வரும், அதுக்கு முந்தியே குடிச்சுத் தீத்துடு. அங்கேயும் அதே ஒரு லிட்டர் பையை வெளியில எடுத்துக் காட்டச் சொல்லலாம், அதனால பையை மேலாக்க வை.

திரும்பி வர்றப்போ ஒரு குழப்பம் வரும், இப்பவே சொல்லிடுறேன். எடின்பரோ விமான நிலையத்துல புது வகை ஸ்கேனர் வச்சு, 2025 ஜூலையிலேருந்து 2 லிட்டர் பாட்டில் வரைக்கும் கைப்பையில விடுறாங்க. பையைச் சுத்திச் சுத்திப் படம் எடுக்கிற மெஷின், ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் மாதிரி வேலை செய்யிறது. அதைப் பாத்துட்டு நீ மாப்பிள்ளை வாங்கித் தர்ற ஷாம்பூவையெல்லாம் கையில எடுத்துட்டுக் கிளம்பினா, நடுவுல மாறுற இடத்துல பழைய 100 மில்லி கணக்குக்கு எடுத்துருவாங்க. புறப்படுற ஊர் விட்டதுன்னு நம்பாதே. வழியில எந்த ஊரு கறாரா இருக்குமோ அதுக்குத் தகுந்த மாதிரிக் கட்டு.

ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். பெட்டியைத் தொங்க விட்டு எடை பாக்கிற தராசு இங்கே இருக்கு, எடுத்துட்டு வர்றேன். டிக்கெட்டுல எத்தனை கிலோ போட்டிருக்குன்னு பாத்து வை. எல்லாத்தையும் கட்டில் மேல பரப்பி வை, மூட்டை கட்டிடாதே, நானே அடுக்கித் தர்றேன். கோயில் பக்கத்துக் கடையில அரைக்கிலோ பால்கோவா வாங்கி வச்சிரு. உனக்கும் சர்க்கரை, உன் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, பாப்பாவுக்கும் போகப் போறதில்லை. நானே தின்னுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: சாமி சாமான் வைக்கிற பையில கற்பூரமும் தீப்பெட்டியும் இருக்கும், எடுத்து வெளியில வச்சிரு. விபூதியும் குங்குமமும் போகலாம்.